காற்றைச் சரிசெய்தவர்கள்

"தண்ணி கொண்டுபோனேன். பாதி வழியிலயே காலி. நாக்கு வறண்டு செத்தேன். இதுக்குப் பேரு பொழுதுபோக்கா? வெக்கமா இல்ல?"

முதலாளி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, இழவுச் செய்தி வாசிப்பதுபோல வாசித்து முடித்தார். புகாரின் கீழே 'ஏமாந்தவன்' என்று கையெழுத்து. மேலே ஒரே ஒரு நட்சத்திரம்.

"விளையாட்டு வெளியாகி ஒரு வாரம் ஆகல. அதுக்குள்ள ஒத்தை நட்சத்திரம்! என்னய்யா பதில்?"

பதில் சொல்ல வேண்டியவர் அலைக்காரர். அந்தக் கம்பெனி தயாரித்த 'தனிப்படகு' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் கடல் முழுவதும் அவர் கைவேலை. ஆடுகிறவர் ஒவ்வொருவரும், எல்லாருக்கும் பொதுவான ஒரே கடலின் நடுவில், தனித்தனிப் பாய்மரப் படகில் தன்னந்தனியாக மாட்டிக்கொள்வார்; தாகம், பசி, புயல் எல்லாவற்றுக்கும் தப்பிக் கரைசேர வேண்டும். கதை அவ்வளவுதான். ஆனால் அதன் அலைக்கும் காற்றுக்கும் அலைக்காரர் இரண்டு வருடம் உயிரைக் கொடுத்திருந்தார். மீன்பிடிக்கிறவர்களோடு படகேறிப் போய், குடல் வாய்க்கு வரும்வரை குமட்டி, எந்த அலைக்கு எவ்வளவு குமட்டியது என்பதையும் குறித்துக்கொண்டு வந்த மனிதர்.

"நடுக்கடல்ல தாகம் எடுக்கத்தான் சார் செய்யும். அதுதான் நிஜம்."

"எது நிஜம்? காலையில ஒரு டம்ளர் குடிச்சா மத்தியானம்வரைக்கும் எனக்குத் தாகமே எடுக்கறதில்ல."

"நீங்க ஏசி ரூம்ல உக்காந்திருக்கீங்க சார்."

"எகத்தாளம் வேணாம். பிடிக்கலைன்னுதானே அந்த ஆளு எழுதறான்? சரி பண்ணு."

முதலாளி தன் வாழ்நாளில் ஒரே இடத்தில் அதிகமாகப் பார்த்த தண்ணீர் குளியலறை வாளியில் இருந்ததுதான். இருந்தும் சம்பளம் தருகிறவர் அவர். மேலும், ஒரு பெரிய விநியோக நிறுவனம் 'தனிப்படகை' நாடு நாடாக விற்க எடுத்துக்கொள்வதாக இருந்தது. ஆடியவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. அது கைநழுவினால் கம்பெனிக்குப் பூட்டு.

அலைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தாகத்தைப் பாதியாகக் குறைத்தார். முதலாளி தன் கையாலேயே பதில் எழுதினார்: "தாகப் பிரச்சினை தீர்ந்தது. தயவுசெய்து மறுபடி போய்ப் பாருங்கள்."

சில நாளில் ஏமாந்தவன் மறுபடி வந்தான்.

"உங்க பேச்சை நம்பி மறுபடி போனேன். தாகம் அப்படியேதான் இருக்கு, ஒரு சொட்டு கொறையல. போதாக்குறைக்குக் காத்து. இந்தப் பக்கம் அடிக்குதேன்னு பாயை இழுத்துக் கட்டினா அந்தப் பக்கம் அடிக்குது. சொல்லாம கொள்ளாம நின்னுடுது. இப்படி ஒரு காத்தை எவன் ஏற்பாடு பண்ணினான்?"

"எவன் ஏற்பாடு பண்ணினான்னு கேக்கறான்யா," என்றார் முதலாளி, அலைக்காரரை மேலும் கீழும் பார்த்து.

அலைக்காரருக்கு உச்சந்தலை சுட்டது. "காத்துன்னா அப்படித்தான் சார் இருக்கும்! மாறி மாறித்தான் அடிக்கும். இந்த ஆளு கடலை என்னிக்காவது பார்த்திருப்பானா? தண்ணித் தொட்டியில காகிதக் கப்பல் விட்டவன் போல இருக்கு!"

"தொட்டியோ கடலோ, அவன் குடுக்கறது ஒத்தை நட்சத்திரம். காத்து எப்பவும் முதுகுப் பக்கமே அடிக்கட்டும்."

"எந்தப் பக்கம் போனாலுமா?"

"எந்தப் பக்கம் போனாலும்."

அப்படியே ஆயிற்று. தாகத்தை அடியோடு எடுத்தாயிற்று. எதிரெதிரே வருகிற இரண்டு படகுகளுக்கும் ஒரே நேரத்தில் பின்காற்று கிடைத்தது. மாலைக்குள் பாதிப் படகுகள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு, பாய் புடைக்க, நகராமல் நின்றன. தலையை முட்டிக்கொண்ட ஆடுகள்கூட அவ்வளவு நேரம் நிற்பதில்லை.

முட்டாமல் இருக்கப் படகுகளை ஒன்றையொன்று ஊடுருவிப் போகும்படி செய்தார் அலைக்காரர். அதனால் பாறைக்குள்ளும் ஊடுருவின. ஒருவர் தீவின் அடிவயிற்றில் மாட்டிக்கொண்டு, "இங்கே இருட்டாக இருக்கிறது, யாராவது வந்து எடுங்கள்" என்று எழுதியிருந்தார்.

"காற்று சரிசெய்யப்பட்டது. மறுபடி போய்ப் பாருங்கள்," என்று முதலாளி மட்டும் அசராமல் பதில் போட்டார்.

மூன்றாவது புகார் இன்னும் காரமாக இருந்தது. "போனேன். காத்தைச் சரி பண்ணின லட்சணத்துக்கு, போன தடவையைவிட மோசம். மீனாவது கிடைக்கும்னு தூண்டில் போட்டு நாள்பூரா குந்தியிருந்தேன். ஒண்ணுகூடக் கடிக்கல. மீன் இருக்கா இல்லையா?"

மீன்களை வரைந்த பெண் அழாத குறை. "அண்ணே, கண்ணு வீங்க வீங்க ஒவ்வொரு செதிலா வரைஞ்சேன். மீன் இருக்கான்னு கேக்கறானே, இவன் கண்ணுல என்ன புரையா?"

"மீனை ஏன்மா ஒளிச்சு வெச்சீங்க? தானா படகுக்குள்ள வந்து விழட்டும்," என்றார் முதலாளி.

விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. நிறுத்துவதற்கு வழிவைக்க அவசரத்தில் மறந்துபோனார்கள். புயலுக்குத் தப்பிய படகுகள் மீன் பாரம் தாங்காமல் மூழ்கின. அதற்கு வைத்தியமாகப் படகு மூழ்கவே மூழ்காது என்று ஆக்கினார்கள். ஆக, தாகமில்லை, பசியில்லை, மூழ்குவதுமில்லை. உயிர்பிழைக்கப் போராட வேண்டிய விளையாட்டில் சாகவே வழியில்லாமல் போயிற்று.

மற்ற ஆட்டக்காரர்கள் காறித் துப்பினார்கள். "மூணு நாளா சாக முயற்சி பண்றேன், விட மாட்டேங்கறாங்க," என்று ஒருவர். "முன்னாடி கடல் இருந்துச்சு, இப்ப மீன் கொட்டற கிடங்கு இருக்கு," என்று இன்னொருவர். முதல் வாரத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "கடலில் நிஜமாகவே இருந்ததுபோல் பயந்தேன்" என்று எழுதியவர், மூன்றைப் பிடுங்கிக்கொண்டார்.

"இவங்க சொல்றதைக் கேளுங்க சார். ஊரே சிரிக்குது."

"சிரிக்கறவன் சிரிச்சுட்டுப் போறான். அழறவனைத்தான் முதல்ல கவனிக்கணும். அதுதான் வியாபாரம்," என்றார் முதலாளி. இப்படிப்பட்ட தத்துவங்கள் அவருக்கு வாய் திறந்தால் கொட்டும், வியாபாரம்தான் கொட்டாது.

அழுகிறவன் நான்காம் முறையும் அழுதான். "உங்க பேச்சைக் கேட்டு மறுபடி போன என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். எதுவுமே மாறல. காத்து அதே காத்து. மீன் வரவே இல்ல. அலையில வயித்தைப் பெரட்டி ரெண்டு நாளா படுத்த படுக்கை. முதல்ல அந்த அலையை நிறுத்துங்க. தைரியம் இருந்தா நேர்ல வாங்க." கீழே வீட்டு முகவரி.

முதலாளி அலையை நிறுத்தச் சொன்ன அன்று அலைக்காரர் திரையில் ஓர் அலையைக் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். அந்த ஓர் அலை எழுந்து, நுனி வெளுத்து, மடிந்து விழுவதற்கு அவர் ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவிட்டிருந்தார். விரல் ஒரு பொத்தானைத் தட்டியது. கடல் துடைத்துவிட்ட தரையாகப் படுத்துக்கொண்டது. அதன்மேல் படகு, மெழுகிய மேசையில் வைத்த செருப்புபோல நின்றது.

"இப்பத்தான்யா பார்க்க நிம்மதியா இருக்கு," என்றார் முதலாளி.

"கடலைத் துடைச்சாச்சு. இனி என்னையும் துடைச்சு எடுத்துடுங்க சார்."

"ரோஷத்தை அப்புறம் வெச்சுக்கலாம். விநியோகக்காரங்க நாளைக்கு முடிவு சொல்றாங்க. வா, அந்த ஆளு வீட்டுக்கே போய்க் கால்ல விழுந்தாவது நட்சத்திரத்தை ஏத்திட்டு வருவோம்."

போனார்கள். மாடிப்படி ஏறும்போதே அலைக்காரர் மனத்தில் கேள்விகளை வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டார். படகுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றாவது அந்த ஆளுக்குத் தெரியுமா? காலில் விழுவது முதலாளியின் வேலை. கேட்க வேண்டியதை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவது என்று அவர் முடிவெடுத்திருந்தார்.

கதவைத் திறந்தது ஒரு நடுவயதுப் பெண். கையில் களிம்புக் குப்பி.

முதலாளி பழக்கூடையை நீட்டி, பாதி உடம்பு வளைந்து கும்பிட்டார். "அம்மா, நாங்க தனிப்படகுலருந்து வரோம். உங்க வீட்டுக்காரர் சொன்னபடி தாகம், காத்து, மீன், அலை எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம். சத்தியமா இந்தத் தடவை ஒரு குறையும் இருக்காது. கம்ப்யூட்டரைத் திறந்து இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கச் சொல்லுங்கம்மா."

"கம்ப்யூட்டரா? ஆட்டமா?" அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக நெஞ்சில் கை வைத்தார்.

"அடப்பாவிகளா, அப்ப துறையில படகு வாடகைக்கு விடற தனிப்படகு நீங்க இல்லையா? 'சரி பண்ணியாச்சு, மறுபடி போய்ப் பாருங்க'ன்னு நீங்க எழுத எழுத, இந்த மனுஷன் மொத்தம் நாலு தடவை நிஜக் கடலுக்கே போயிட்டு வந்துட்டாரேய்யா!"