ஒரு மகனும் நாலு வயசும்

வேலி எல்லைக்கு வழக்காடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கலியாணப் பந்தியில் சாம்பாருக்குப் பிழை பிடிக்கிறவரையும் பார்த்திருப்பீர்கள். இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற இனம் ஒன்று நம்மிடையே உலாவுகிறது: பெற்ற பிள்ளையின் வயசைச் சமயத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும் தகப்பன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. வயசு என்ன, கல்லிலே வெட்டியா வைத்திருக்கிறது?

கொக்குவில் நமசிவாயத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பி, வந்த கையோடு பழைய ஒஸ்ரின் கார் ஒன்றையும் வாங்கி, தமக்கு ஓட்டத் தெரியாது, சாரதி வைக்க மனமும் வராது என்ற நிலையில், கல்லூரியில் படிக்கிற மகன் இராசநாயகத்திடம் சாவியைக் கொடுத்தவர். இராசநாயகத்துக்குப் பதினேழு வயசு. அது பெற்றவளுக்கும் சாத்திரியாருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. கல்லூரியின் சின்னப் பொடியன்கள் கோஷ்டியில் பந்தடிக்க அவனுக்குப் பதினைந்து. காலையில் முகம் வழித்துவிட்டு மைதானத்துக்குப் போகிற பதினைந்து! லைசென்ஸ் எடுக்கப் பதினெட்டு. கலியாணத் தரகர் வந்தால் இருபத்தொன்று.

காருக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சட்டம் வந்த புதிதில் ஏஜண்டு கிறகோரி வந்து சேர்ந்தார்.

"ஐயா, கார் ஆர் ஓட்டுறது?"

"என்ரை மோன்தான். பொறுப்பான பிள்ளை."

"படிக்கிற பொடியங்கள் ஓட்டினால் கட்டணம் இரட்டிப்பு, ஐயா. இருபத்தஞ்சு முடிஞ்சிருந்தால் கரைச்சல் இல்லை."

நமசிவாயத்தார் கண்ணை மூடித் திறந்தார். "போன மாசிதான் முடிஞ்சுது!"

பிறகென்ன? இராசநாயகத்துக்கு ஊரெல்லாம் ராச பவனி. ஒருநாள் கொடிகாமம் றோட்டில் கூட்டாளிகளைக் கண்டு, ஒற்றைக் கையால் காரைப் பிடித்து, மற்றக் கையால் தலைமயிரைக் கோதினான். எதிரே கத்தரிக்காய் ஏற்றி வந்த முருகேசுவின் வண்டி குடை சாய்ந்தது. மாடு தப்பியது. முருகேசுவின் தோள் முறிந்தது, வண்டி விறகாயிற்று. பாவம், உழைத்துச் சாப்பிடுகிற மனிதன்! கம்பனி கைவிட்டால் காரை விற்றுத்தான் அவனுக்கு ஈடு கட்டவேண்டும். நமசிவாயத்தார் உடனே கம்பனிக்குக் கடிதம் போட்டார்.

விசாரிக்க வந்த கிறகோரி இராசநாயகத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"உவருக்கோ இருபத்தஞ்சு?"

"ஓம், நல்லூரான் அறிய! வளர்த்தி கொஞ்சம் காணாது."

அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணியோடு வந்தார் வீட்டுக்காரி ஞானாம்பிகை அம்மா. கிறகோரி லேசுப்பட்ட ஆளா? எழுந்து கும்பிட்டார். "உவர் உங்கடை மோனோ? நான் தம்பி எண்டல்லோ நினைச்சன்!"

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். கிறகோரியின் கண்ணிலே கணக்கு ஓடுவதைக் கண்ட நமசிவாயத்தார் பதறிப்போனார். "அவவுக்கு நாப்பத்தஞ்சு!" என்று குறுக்கே பாய்ந்தார்.

பிள்ளையின் வயசைக் கூட்டலாம், குறைக்கலாம். பெண்சாதியின் வயசிலே கை வைக்கலாமோ?

தேத்தண்ணித் தட்டு மேசையில் டங்கென்று இறங்கியது. "ஆருக்கு நாப்பத்தஞ்சு? எனக்கு இன்னும் முப்பத்துநாலே முடியேல்லை! உங்களைக் கட்டியே பதினெட்டு வருசந்தான். அதுக்குள்ளை கிழவியாக்கிப் போட்டியளோ?"

கிறகோரி தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தார். "அப்ப தம்பி கலியாணத்துக்கு ஏழு வருசம் முந்திப் பிறந்தவர்போலை" என்றார். சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கம்பனி கையை விரித்தது. ஒஸ்ரின் விலைப்பட்டது. முருகேசுவுக்கு வைத்தியமும் நடந்தது, புது வண்டியும் வந்தது. நமசிவாயத்தாருக்குப் புத்தி வந்ததா என்று கேட்கிறீர்களா? வந்தது, வந்தது. இப்போதெல்லாம் வீட்டுக்காரி பக்கத்தில் நிற்கும்போது அவர் எவருடைய வயசையும் வாய் திறந்து சொல்வதில்லை.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன கிழமை கொழும்பு ரயிலில், டிக்கெட் பரிசோதகர் வருகிறார் என்றதும் உங்கள் மடியில் ஏறி உட்கார்ந்ததே ஒரு குழந்தை, அரை டிக்கெட்டோடு, அரும்பு மீசையோடு, அது யாருடைய பிள்ளை?