மேட்டில் மாறாத கியர்

"செயின் லேசா உரசுது, அவ்வளவுதான். கடையில குடுத்தா பத்து நிமிஷ வேலை" என்றாள் மனைவி.

"கடையா?" பல் டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இருபது வருஷமா பல்லோட மல்லுக்கட்டறேன். இந்தப் பல்சக்கரம் எனக்கு எம்மாத்திரம்?"

மறுநாள் காலை அவளுக்கு மலைப்பாதை சைக்கிள் பந்தயம். மூன்று வருடப் பயிற்சி. மேடு ஏற வேண்டுமென்றால், செயின் பெரிய பல்சக்கரத்திலிருந்து சின்னதற்கு இறங்கியாக வேண்டும்.

டாக்டர் முன் கியரின் ஸ்க்ரூ ஒன்றைக் கால் சுற்று முடுக்கினார். உரசல் நின்றது, செயின் இறங்குவதும் நின்றது. தளர்த்தினார். செயின் இறங்கோ இறங்கென்று இறங்கி, சட்டத்தின் இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது. இன்னொரு ஸ்க்ரூவைத் தொட்டார். செயின் வெளிப்பக்கம் கழன்று விழுந்தது. கேபிளை இழுத்துப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது.

"முடிஞ்சுதா?" உள்ளேயிருந்து குரல்.

"இதோ, ஒரு நிமிஷம். வலிக்காது" என்றார் பழக்கதோஷத்தில்.

சாயங்காலம்தான் கண்ணில் பட்டது: செயினைத் தள்ளும் தகடே கோணலாக நின்றது. அதை நிமிர்த்தி, சக்கரத்தின் பல்லுக்கு மேல் நகக்கண் அளவு இடம் விட்டு முடுக்கி, கேபிளை மாட்டினார். பெடலைச் சுற்றி லீவரை அழுத்தினால், டக். இறங்கியது. டக். ஏறியது. டாக்டர் மெய்மறந்து போனார். இத்தனூண்டு தகடு, இரண்டே ஸ்க்ரூ, ஒரு மலையையே லேசாக்கிவிடுகிறதே! நாற்பது தடவை மாற்றிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"வெண்ணெய் மாதிரி மாறுது!"

"உங்க கையே கை" என்றாள் மனைவி.

மறுநாள் மலையுச்சியில் காத்திருந்தவர், கடைசி வளைவில் அவளைப் பார்த்ததும் விக்கித்துப் போனார். செயின் பெரிய சக்கரத்திலேயே கிடந்தது! அவள் எழுந்து நின்று மிதித்தாள். சைக்கிள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்தது. அப்படியும் ஒருத்தியை முந்தினாள், இன்னொருத்தியை முந்தினாள், முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டினாள். கூட்டமே வாயைப் பிளந்தது. பல் டாக்டரும்தான். இவ்வளவு பலமா இவளுக்கு? இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாமல் போயிற்றே!

அவள் புல்லில் மல்லாந்து கிடந்தாள். பேச மூச்சில்லை.

"மன்னிச்சுடும்மா, எல்லாம் என்னாலதான்..." என்று புலம்பியபடி அவர் பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றி, லீவரை அழுத்தினார். டக். செயின் அழகாக இறங்கியது.

"சரியாத்தானே இருக்கு?" என்று திருதிருவென்று விழித்தார்.

இரண்டாவதாக வந்த பெண் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "நானும் வழியெல்லாம் கத்தினேன் சார், சின்னதுக்கு மாத்துங்கக்கான்னு. 'எங்க வீட்டுக்காரர் ரிப்பேர் பண்ணின எதையும் நான் தொடறதே இல்ல'ன்னுட்டாங்க!"