கியோமிக்குத் தெரியாமல் ஒரு ஜோடி ஸ்கிபோர்டு

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. எங்கள் ஊர் வெந்நீர்க் குளியலில், கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்த ஒகுசாவா சொன்னார். ஆவி அதிகமாக இருந்ததால் அவர் முகமே பாதிதான் தெரிந்தது. கதையிலும் பாதி அவருடைய கைச்சரக்காக இருக்கலாம். எந்தப் பாதி என்று எனக்குத் தெரியாததால் முழுவதையும் எழுதுகிறேன்.

ஒகுசாவாவின் பக்கத்து வீட்டுக்காரர் ஹிசாவோ. தெற்கே மியாசாகிக் கடற்கரையில் பிறந்தவர். அங்கே பனி என்பது ஃபிரிட்ஜுக்குள் இருப்பது. கல்யாணத்துக்குப் பிறகு மனைவி கியோமியின் ஊரான இந்த நீகதா பள்ளத்தாக்குக்கு வந்தார். இங்கே பனி ஜன்னல்வரை ஏறி, நாம் என்ன சாப்பிடுகிறோம் என்று எட்டிப் பார்க்கும். குழந்தைகள் நடக்கக் கற்ற கையோடு சறுக்கக் கற்பார்கள். கியோமி இரண்டையும் ஒரே வாரத்தில் கற்றாராம்.

முதல் குளிர்காலத்திலேயே ஹிசாவோவுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. மிகவும் ஒழுங்கான வலி. முதல் பனியோடு வரும், செர்ரி பூத்ததும் போய்விடும். வலி இருக்கும்வரை அவர் சறுக்கவும் வேண்டாம், கூரையில் ஏறிப் பனி தள்ளவும் வேண்டாம். கூரைக்குக் கியோமி ஏறுவார். கீழே நின்று "பார்த்து, பார்த்து" என்று சொல்வது ஹிசாவோவின் பங்கு. அதை அவர் ஒருநாளும் குறைவில்லாமல் செய்தார்.

இந்த ஏற்பாட்டில் அமைதியாகப் போன குடும்பத்தில், ஒரு ஜனவரி மாலை, சாப்பாட்டு நேரத்தில் கியோமி சாதாரணமாகச் சொன்னார்.

"ரினோ பள்ளிக்கூடத்துல பனிச்சறுக்கு நாள் வருதுங்க. ஒண்ணாம் வகுப்புப் பெத்தவங்கல்லாம் வரணும். பாதிப் பேரு பிள்ளைங்களோட சறுக்குறது, பாதிப் பேரு கீழே நின்னு பன்றிக்கறி சூப் ஊத்துறது. உங்களை சூப்புல போட்டுடட்டுமா?"

"போடு, போடு. இடுப்பு இருக்கற இருப்புல..."

மகள் ரினோ சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். "ஹருமாவோட அப்பா பின்பக்கமாக்கூட சறுக்குவாராம். அம்மா, அப்பாவுக்கு நிஜமாவே சறுக்கத் தெரியாதா?"

"அப்பாவுக்கு இடுப்பு வலிம்மா," என்றார் கியோமி, மிக மென்மையாக. "பாவம்."

அந்தப் 'பாவம்' ஹிசாவோவின் நெஞ்சில் போய்த் தைத்தது. மகள் பார்த்த பார்வையோ அதைச் சுத்தியல் வைத்து அடித்து இறக்கியது.

"சறுக்குறேன்!" என்றார். சொன்ன பிறகுதான் குரல் தன்னுடையது என்று தெரிந்தது.

கியோமியிடமே கற்றுக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை பனிச் சாலையில் கார் ஓட்ட அவர் கற்றுக்கொடுத்திருக்கிறார். திட்டவே இல்லை. பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அதை இன்னொரு முறை தாங்க ஹிசாவோவால் முடியாது. ரகசியமாகக் கற்க வேண்டும், அதுவும் வேகமாக.

வழி அலுவலகத்தில் கிடைத்தது. ஸ்கிபோர்டு என்று ஒன்று இருக்கிறதாம். இடுப்பு உயரம்கூட வராத குட்டிப் பலகைகள், காலுக்கு ஒன்று. கையில் குச்சிகள் கிடையாது. "சின்ன வயசுல ரோலர் ஸ்கேட் ஓட்டியிருந்தா போதும், ஒரே நாள்ல வந்துரும்," என்றார் கூட வேலை பார்ப்பவர். ஹிசாவோ சின்ன வயதில் ரோலர் ஸ்கேட் ஓட்டியவர். தெய்வமே பலகையைக் குட்டையாக்கிக் கொடுத்தது போலிருந்தது.

கிடைக்க வேண்டுமே! மலையடிவார வாடகைக் கடைக்கு முகமூடியும் தொப்பியுமாகப் போனார்.

"ஸ்கிபோர்டா? அது ஒரு காலத்துல பறந்துச்சு. இப்ப யாரு கேக்குறா? எல்லாத்தையும் எப்பவோ கழிச்சாச்சு," என்றார் கடைக்காரர். பிறகு குனிந்து முகமூடிக்குள் பார்த்தார். "நீங்க கியோமி வீட்டுக்காரர்தானே?"

"இல்லைங்க. நான் டோக்கியோ. சுத்திப் பார்க்க வந்தேன்."

"அப்படியா? டோக்கியோல எங்கே?"

"அங்கதான்... நடுவுல."

"சரிங்க. கியோமியைக் கேட்டதாச் சொல்லுங்க."

அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு கடை. அங்கே ஸ்கிபோர்டு இருந்தது, ஆனால் ஒன்றே ஒன்று.

"இதோட ஜோடி?"

"போன வருஷம் ஒருத்தர் விழுந்தாரு. பலகையைக் காலோட கட்டிக்கிடணும், அவரு கட்டல. அது தனியாக் கீழே போயிருச்சு. பனி உருகினா கிடைக்கும்னு பார்த்தோம்."

"கிடைச்சுதா?"

"பனி உருகுச்சு."

ஹிசாவோ மனம் உடைந்து வீடு திரும்பினார். மறுநாள் காலை வாசலில் துடைப்பத்தால் பனியைத் தடவிக்கொண்டிருந்தபோது (இடுப்பு வலிக்காரருக்கு மண்வெட்டி ஆகாதல்லவா) வேலிக்கு அந்தப்பக்கம் ஒகுசாவா நின்றார்.

"குட்டிப் பலகை தேடுறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல? எங்க கொட்டகையில ஒரு ஜோடி கிடக்கு. பூட்ஸும் இருக்கு, உங்க அளவுதான். எடுத்துக்குங்க."

ஹிசாவோவுக்குக் கண் கலங்கியது. "ஒகுசாவா சான், இந்த உதவிக்கு நான் என்ன செய்யப்போறேன்?"

பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் எங்கள் ஊரில் பனிக்காலத்தில் நன்றியை வாயால் சொல்வதில்லை, மண்வெட்டியால் சொல்வதுதான் வழக்கம். ஒகுசாவா மெதுவாகத் தலையை நிமிர்த்தித் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். ஹிசாவோவும் பார்த்தார். அங்கே ஆள் உயரத்துக்குப் பனி படுத்திருந்தது.

"கியோமிக்குத் தெரியக் கூடாது," என்றார் ஹிசாவோ.

"என் வாயிலேர்ந்து வராது," என்றார் ஒகுசாவா.

சனிக்கிழமை காலை கியோமி ரினோவை நீச்சல் வகுப்புக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

"இடுப்பு எப்படி இருக்குங்க?"

"அப்படியேதான். திரும்பினா சுருக்குங்குது."

"அப்பத் திரும்பாதீங்க. படுத்திருங்க."

கார் தெருமுனை தாண்டியதும் ஹிசாவோ ஏணியில் இருந்தார். இடுப்பில் கயிறு, கையில் மண்வெட்டி. டோஃபு வெட்டுவது போலக் கட்டம் கட்டமாக வெட்டித் தள்ளினார். பயம் போனதும் அது சுகமாகக்கூட இருந்தது. இறங்கியதும் ஓடிப்போய்ப் போர்வைக்குள் படுத்து, கியோமி வந்தபோது முனகினார். உடம்பு உண்மையாகவே வலித்ததால் முனகலில் நல்ல உயிர் இருந்தது.

அதன் பிறகு மதியங்களில் அலுவலகத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனார். விழுந்தார். எழுந்தார். பலகைகள் காலோடு கட்டப்பட்டிருந்ததால், விழுந்த இடத்துக்கெல்லாம் நாய்க்குட்டிகள் போல அவையும் கூடவே வந்தன. ஒரு மதியம் நல்ல வெயில். அன்றுதான் விழாமல் கீழே வந்தார். அந்த மகிழ்ச்சியோடு வீட்டுக்குள் நுழைந்தவரைக் கியோமி கொஞ்ச நேரம் பார்த்தார். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் தோலைச் சுடும் என்பது கடற்கரைக்காரருக்குத் தெரியாது. முகம் முழுவதும் சிவப்பு. கண்ணைச் சுற்றி மட்டும், சறுக்கும்போது போட்ட கண்ணாடி இருந்த இடம், வெள்ளை.

"ஆபீஸ்ல வெயில் ஜாஸ்தியா?"

"ஹீட்டர் பக்கத்துல உக்காந்துட்டேன்."

"கண்ணாடி போட்டுக்கிட்டா?"

"அது... காத்து வருது, அதுலேர்ந்து."

"கிரீம் தடவிக்குங்க," என்று சொல்லிவிட்டுக் கியோமி முள்ளங்கி நறுக்கப் போனார். 'நம்பிவிட்டாள்,' என்று ஹிசாவோ மூச்சு விட்டார்.

பனிச்சறுக்கு நாள் வந்தது. மேட்டின் மேல் பிள்ளைகள் வரிசை, ஆசிரியர்கள், கியோமி, ஹிசாவோ. கீழே பெரிய பாத்திரத்தைச் சுற்றி ஒரு பெரிய கூட்டம்.

"மத்த அப்பாங்க எங்கே?" என்றார் ஹிசாவோ.

"எல்லாரும் சூப்பு."

"எல்லாருமா? ஹருமாவோட அப்பாகூடவா?"

"அவரும்தான்."

ஹிசாவோவின் மார்பு விரிந்தது. கோழைகள்! அவர் சறுக்கினார். கைகளை விரித்துக்கொண்டு, கால்களை அகட்டிக்கொண்டு, யாரையும் இடிக்காமல், விழாமல். நிறுத்துவதில் மட்டும் சிறு குறை. சூப் பாத்திரத்தை நோக்கி ஒரே நேர்கோட்டில் வந்தவர், கரண்டியோடு நின்றவர்கள் சிதற, கடைசி நொடியில் உட்கார்ந்து நின்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ரினோ சறுக்கி வந்து பக்கத்தில் நின்று அவர் காலைப் பார்த்தாள்.

"அப்பா, உன் பலகை ஏன் என்னோடதை விடச் சின்னதா இருக்கு?"

பதில் சொல்வதற்குள் ஹருமாவிடம் திரும்பி, "எங்கப்பா!" என்றாள். அது போதும். ஹிசாவோ சூப்பை வாங்கிக் குடித்தபோது உலகத்தில் குறை ஒன்றும் இல்லை.

கியோமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பிரமாதம்ங்க. இடுப்பு எப்படி?"

"இடுப்பா? துளி வலி இல்லை!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. நாளைக்கு நம்ம கூரை. ஒகுசாவா வீட்டுல விளிம்பெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி வெட்டியிருக்கீங்களே, அதே மாதிரி இருக்கட்டும்."

ஹிசாவோ சூப்பைக் குடித்தாரா, கீழே வைத்தாரா என்று ஒகுசாவாவுக்கு நினைவில்லை. இன்றுவரை தன் வீட்டுக் கூரைக்கு ஹிசாவோதான் ஏறுகிறார். கியோமி கீழே நின்று "பார்த்து, பார்த்து" என்கிறார்.

சரிபார்க்காமல் எழுத மனம் வராததால், பிறகு ரினோவின் ஆசிரியையிடம் போய்க் கேட்டேன். அந்தப் பள்ளியில் பெற்றோர் சறுக்கும் வழக்கமே என்றைக்கும் இருந்ததில்லை, அவர்களுக்கு சூப் வேலை மட்டும்தானாம். அந்த ஒரு வருடம் மட்டும் கியோமி முன்கூட்டியே போன் செய்து, "வீட்டுக்காரரு ரொம்ப ஆசைப்படுறாரு, ஒரு தடவை சறுக்க விடுங்க," என்று அனுமதி வாங்கியிருந்தாராம்.