மஸ்கட் தட்டோடு மாஸ்டர் பார்க்கப் போனது

பலாபத்வல,
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் நளீம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் தங்கை பீபியும் அல்லாஹ்வின் கிருபையால் ஒரு வகையில் சுகம். அது எந்த வகை என்று விளக்கத்தான் இந்தக் கடிதம். அங்கு நீங்களும், வீட்டிலுள்ளவர்களும், உங்கள் முழங்காலும் நலமாக இருக்க துஆச் செய்கிறோம். போனில் சொன்னால் "சிக்னல் இல்ல மச்சான்" என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்துக்கு அந்தச் சாக்கு இல்லை. ஆகவே கராம்புப் பார்சலுக்குள் வைத்து கொழும்பு பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

மகள் பஸ்லாவுக்குக் கொழும்பில் கணக்காய்வுக் கம்பனியில் வேலை கிடைத்தபோது, "நான் இருக்கேன், பயப்படாம அனுப்புங்க" என்று சொன்னவர் நீங்கள். வெள்ளவத்தையில் பெண்கள் போர்டிங் பார்த்துச் சேர்த்ததும் நீங்கள்தான். போன மாதம் காலி வீதி பஸ்ஸில் ஒரு நாய்ப்பயல் பிள்ளையை உரசிக்கொண்டே வந்து, அவள் இறங்கப் போகும்போது கையையும் பிடித்திருக்கிறான். பஸ் நிறைய ஆட்கள், ஒருவருக்கும் வாய் இல்லை. அவள் கையை உதறிக்கொண்டு இறங்கி, உம்மாவிடம் சொல்லி, உம்மா என்னிடம் சொன்னபோது நான் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை மச்சான். கடையில் உட்கார்ந்தால் எழும்பத் தோன்றுகிறது, எழும்பினால் றோட்டுக்குப் போகத் தோன்றுகிறது, றோட்டுக்குப் போனால் வருகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்தி உள்ளே பார்க்கத் தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளா அழுகிறவள்? "வேலைய விட மாட்டேன் வாப்பா. நான் அடிக்கப் படிக்கப் போறேன்" என்றாள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். இடத்தைப் பார்த்துத் தெரிவு செய்வது நான். எனக்குப் பிடித்த மாதிரி ஓர் இடமும் கொழும்பில் இல்லையென்றால் அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவு பெரிய ஊரில் ஓர் இடமாவது வாப்பாவுக்குப் பிடிக்கும் என்று அவளும் சம்மதித்துவிட்டாள். கடைக்கு ஒரு தராசு வாங்க தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று அலைந்துவிட்டுக் கடைசியில் பழைய தராசையே வைத்துக்கொண்டவன் நான் என்பது பாவம், பிள்ளைக்குத் தெரியாது.

நீங்கள் போனில் மூன்று விலாசம் அனுப்பிவிட்டு, நாங்கள் வந்த சனிக்கிழமை பார்த்துக் காலிக்குப் போய்விட்டீர்கள். போனது போகட்டும். முதலாவது விலாசம் பம்பலப்பிட்டியில், டயர் கடைக்கு மேல்மாடி. வாசலிலேயே பாட்டுச் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. மேசையில் இருந்த பையனிடம், மாஸ்டர் எந்த ஊர், யாருடைய மகன் என்று முறையாக விசாரித்தேன். அவன் கட்டணம் போட்ட ஒரு பெக்கேஜ் அட்டையை நீட்டினான். உள்ளே பார்த்தால் கம்பிக் கூடு. நம்ம ஊரில் கோழியைத்தான் கூட்டில் போடுவோம், அங்கே இரண்டு தடியன்களைப் போட்டிருந்தார்கள். ஒருத்தன் மற்றவன் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்க, மூன்றாவது ஆள் பிரித்துவிடாமல் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். உங்கள் தங்கை விடுவாளா? கூட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், "அனே மல்லி, பாவம் மல்லி" என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லி, மேலே இருந்தவனின் தோளைப் பிடித்து இழுத்துவிட்டாள். அவன் இறங்கி பீபியிடம் மன்னிப்புக் கேட்டான். கீழே கிடந்தவனும் எழும்பி மன்னிப்புக் கேட்டான். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் இடம் சரியில்லை என்று வந்துவிட்டோம்.

இரண்டாவது, தெஹிவளை கராத்தே வகுப்பு. மாஸ்டர் ஸக்கரியா, நல்ல தொழுகையாளியான இளைஞர், வகுப்புக்குப் பின்னாலேயே வீடு. பிள்ளையை ஒப்படைக்கப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போவதா என்று பீபி ஊரிலிருந்தே ஒரு தட்டு மஸ்கட் கிண்டிக்கொண்டு வந்திருந்தாள், நெய் வடிய வடிய. அதை நடுவில் வைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். பஸ்லா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சும்மா இருக்கலாமா? வயது என்ன, பூர்வீகம் எங்கே, வாப்பா என்ன தொழில், சிகரட் பழக்கம் உண்டா, வீடு சொந்தமா, கூடப் பிறந்த பெண் பிள்ளைகள் எத்தனை, அவர்களுக்கெல்லாம் கல்யாணம் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். நீங்களே சொல்லுங்கள், இதில் என்ன பிழை? அந்தப் பையன் ஒவ்வொன்றுக்கும் வேர்த்து வேர்த்துப் பதில் சொன்னார். திரைக்குப் பின்னால் இருந்த அவருடைய உம்மா, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தேத்தண்ணியோடு வந்தார். பஸ்லாவை மேலும் கீழும் பார்த்தார். பிள்ளைக்குச் சமைக்க வருமா என்று விசாரித்தார். சண்டை படிக்கிறவர்களுக்குச் சாப்பாடு முக்கியம்தானே என்று எண்ணி, அரைகுறையாக வரும், நீங்கள் சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வாள் என்றேன். எப்போது வைத்துக்கொள்ளலாம் என்றார். நோன்புக்கு முந்தி ஆரம்பித்துவிட்டால் நல்லது என்றேன். அந்த மனிசி மஸ்கட்டில் ஒரு துண்டை எடுத்து பஸ்லாவின் வாயில் ஊட்டிவிட்ட பிறகுதான், மச்சான், எனக்கு விளங்கியது. மாஸ்டர் எழும்பிப் பின்பக்கத்தால் ஓடிவிட்டார். இவ்வளவு கராத்தே தெரிந்தவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நாங்களும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டோம், தட்டை மறந்துவிட்டு. இப்போது அந்த உம்மா போன் எடுத்து, தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது முறையல்ல, நாங்களும் இனிப்பு வைத்து ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பலாபத்வலைக்குக் கொண்டு வருகிறோம் என்கிறார். அன்றிலிருந்து போன் அடித்தால் யார் என்று பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். நீங்கள் தெஹிவளைக்காரர், ஞாயிறுக்கு முந்தி நேரில் போய், நாங்கள் சம்பந்தம் பேச வரவில்லை என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பாமன்கடையில் பெண்களுக்கு மட்டுமான வகுப்பு. சொல்லித் தருபவர் ஜெனிஸ்டா என்ற கத்தோலிக்கப் பிள்ளை. தெஹிவளையில் பட்டது போதும் என்று அங்கே நான் வாயைத் திறக்கவே இல்லை. அவராகவே, "அங்கிள் பலாபத்வலயா? எங்க அப்பா மாத்தளைப் பக்கம் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்தவரு" என்றார். ஆண்கள் உள்ளே வரக்கூடாது, வாப்பாமார் மட்டும் ஒரு நாள் பார்க்கலாமாம். சுத்தமான இடம், பாட்டு இல்லை, கூடு இல்லை. குறை என்று சொன்னால் மின்விசிறி ஒன்று கிறீச்சிடுகிறது, அவ்வளவுதான். மகளிடம் பஸ் கதையைக் கேட்டு, கொஞ்ச நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அங்கிள், மகளோட கையப் பிடிங்க. பஸ்ல அவன் பிடிச்ச மாதிரி பிடிங்க. விடாதீங்க" என்றார். பிடித்தேன். பஸ்லா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எப்படியோ கையை எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அது செல்லாது மச்சான். மஸ்கட் தின்ற என் கையில் நெய் இருந்தது, அதனால் வழுக்கிவிட்டது. நெய் பட்ட கையில் எதுதான் நிற்கும்? பஸ்ஸில் வருகிறவன் மஸ்கட் தின்றுவிட்டா வருவான்? ஆகவே அந்த வித்தையை நம்பிப் பிள்ளையைக் கொழும்பில் விட முடியாது. மூன்று இடமும் பார்த்தாயிற்று, ஒன்றும் சரியில்லை, பேச்சு பேச்சுத்தான். பஸ்லா தினமும் போன் எடுத்து, "வாப்பா, முடிவு என்ன?" என்று மட்டும் கேட்கிறாள். மாமாவுக்கு எழுதுகிறேன், அவர் சொல்வார் என்றேன். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் போர்டிங்குக்குப் போய், அவளுடைய சாமான்களைக் கட்டி, ராஜினாமாக் கடிதத்தையும் கொடுக்கச் சொல்லி, மாத்தளை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். ஏற்றும்போது முன் சீட் பார்த்து ஏற்றுங்கள். இங்கே அவளுடைய அறையை பீபி கூட்டித் துடைத்துக் கொண்டிருக்கிறாள்.

உங்கள் வியாபாரத்திலும் ஆயுளிலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஸலாம். கராம்பு இந்தப் போகத்துச் சரக்கு, வெயிலில் ஒரு நாள் போட்டுவிட்டு எடுத்து வையுங்கள்.

வஸ்ஸலாம்,
உங்கள் மச்சான்,
பதுர்தீன்.

பி.கு.: பார்சலைக் கட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். மச்சான், என் கையில நெய் இருக்கல்ல. தட்டைத்தான் தெஹிவளையிலேயே விட்டுட்டு வந்துட்டமே, அதுல ஒரு துண்டுகூட நான் தின்னல்ல. நான் இறுக்கித்தான் பிடிச்சேன். மிளகு மூட்டை தூக்குற கையால, சின்ன வயசுல அவளை நம்ம கடைக்கு முன்னால போற இந்த யாழ்ப்பாண றோட்டைக் கடக்க வைக்கிறப்போ பிடிச்ச மாதிரி, விடுறதில்லைன்னுதான் பிடிச்சேன். அவ என் பெருவிரல் பக்கமா ஒரு திருப்புத் திருப்பி எடுத்துக்கிட்டா. எடுத்துட்டு, "நொந்துச்சா வாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை போர்டிங்குக்குப் போக வேண்டாம், பாமன்கடைக்குப் போய் அவளுடைய பேரைப் பதிந்துவிடுங்கள். பெருவிரல் இன்னும் நோகுது மச்சான், அல்ஹம்துலில்லாஹ்.