உள்ளங்கையில் சீனி

அந்தக் கடையை ஒரே மாதத்தில் மூட வைப்பது என்று முடிவு செய்தேன். சாதாரண முடிவு இல்லை. பல் விளக்குவதற்கு முன்பே எடுத்த முடிவு.

கொடைக்கானல் ஏரிக்குக் கீழே, சரிவில் இருக்கிறது எங்கள் லயத்துத் தெரு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய எங்கள் பெற்றோர், அங்கே குடியிருந்த லயம் என்ற வரிசை வீடுகளைப் போலவே இங்கேயும் தகரம் போட்டு, அதே பெயரையும் வைத்துவிட்டார்கள். தெரு முனையில் என் டீக்கடை. எதிரே உருளைக்கிழங்கு குடோன். வில்பட்டியிலிருந்தும் கிளாவரையிலிருந்தும் வரும் மூட்டைகளை இறக்கும் பதினாறு பேர்தான் என் கடைக்கு மூச்சு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு டீ. டீ ஆற்றுவது நான். மற்ற எல்லாவற்றையும் செய்வது என் மனைவி தேவகுமாரி.

2006 சீசனுக்கு முன்னால் குடோன் கைமாறியது. மூட்டைகள் போயின. பதினாறு பேரும் போனார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஷர்மிளா என்றொரு பெண் ஜீன்ஸும் பூட்ஸுமாக வந்து இறங்கினாள். குடோனுக்குக் கண்ணாடி போட்டாள். வாசலை மேல் ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, எங்களுக்கு முதுகையும் ஒரு சமையலறை ஜன்னலையும் மட்டும் காட்டினாள். கஃபேயாம்.

ஜீப் ஓட்டும் வேலுமணி உள்ளே போய் விலைப்பட்டியலைப் படித்துவிட்டு வந்து, என் கடை பெஞ்சில் அப்படியே சாய்ந்துவிட்டான்.

"அண்ணே, ஒரு காப்பி அம்பத்தஞ்சு ரூவா."

"கேத்தலோடவா?"

"கப்பு கூட நம்மளுது இல்லண்ணே. குடிச்சிட்டு வச்சிட்டு வந்துரணும்."

கையிலிருந்த டீ நேராகத் தரைக்குப் போனது. மூன்று ரூபாய்க்கு டீ விற்பவன் காதில் போடுகிற செய்தியா இது?

மறுநாள் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. கழுத்தில் கேமராவோடு வழி தவறி வந்த ஒருவர், எங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பாவாடையை நாலு கோணத்தில் படம் எடுத்தார். "பியூட்டிஃபுல்" என்றார். பக்கத்தில் நின்ற தேவகுமாரியை இல்லை. பாவாடையை.

அடுத்த நாள் விடிந்ததும்தான் அந்த முடிவு. அந்தக் கடை மூடும்வரை மேல் ரோட்டில் கால் வைக்கமாட்டேன் என்று பழனி இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியமும் செய்தேன். மூடுபனியில் அது எந்தத் திசை என்று வேலுமணியிடம் கேட்க வேண்டியிருந்தது.

"தேவி, அங்க சமையக்கட்டுக்கு ஆள் தேடுறாங்களாம். நீ போ."

"நானா? இங்க அடுப்பை யாரு பாக்குறது?"

"மூணு பேரு குடிக்கிறதுக்கு அடுப்பு எதுக்கு? பீடி நெருப்பு போதும். நீ அங்க உளவு பார்க்கப் போறே."

"எனக்குக் கூச்சமா இருக்குங்க. இங்கிலீசு பேசுற எடம்."

"நீ பேசவே வேண்டாம். கெடுத்தாப் போதும்."

"என்னத்தைக் கெடுக்க?"

குரலைத் தாழ்த்தினேன். "நம்ம லயத்துல தேத்தண்ணி எப்படிக் குடிப்போம்?"

அவள் சட்டென்று இரண்டு பக்கமும் பார்த்தாள். யாராவது கேட்டுவிட்டால் மானம் போய்விடும். பால் இல்லாத சாயத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றி, சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மடக்கு, மறுபடி ஒரு நக்கு என்று குடிப்பதுதான் எங்கள் வழக்கம். சீனி பத்தாத தோட்டத்தில் பிறந்தது. வெளியாள் வந்தால் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வோம். பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், ஒரு வாடிக்கையாளருக்கும் அதைக் காட்டியதில்லை.

"அதே மாதிரி குடு. பெரிய பெரிய கார்ல வர்றவங்க கையில சீனியைக் கொட்டு. நக்கச் சொல்லு. ஓடிருவாங்க. அந்தப் பொண்ணு கேட்டா, இதுதான் எங்க ஊரு மரியாதைன்னு சொல்லிரு. வெளியூருப் புள்ள, நம்பிரும்."

தேவகுமாரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "நீங்க சொன்னா சரிங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னாலே நான் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தாள்.

"என்னாச்சு?"

"கையில சீனியைப் போட்டதும் ஆடிப்போயிட்டாங்க."

"நக்குனாங்களா?"

"ஒரு அம்மா கண்ணுலயிருந்து தண்ணி வந்துருச்சு."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த தாக்குதலை அப்போதே சொன்னேன். "நாளைக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வை. கேக்கு திங்க வந்த வாயி. காய்ஞ்ச செத்தல் மிளகாயை இரக்கமில்லாம அள்ளிப் போடு."

மறுநாள் மத்தியானம் சமையலறை ஜன்னல் வழியாக ஒரே கூச்சல். ஹா, ஹூ என்று பல குரல்கள். என் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். அவர்களுக்கு ஆளுக்கொரு வடை இனாமாகக் கொடுத்தேன்.

"செத்தாங்கடா!" என்றேன்.

"யாருண்ணே?" என்றார் ஒருவர்.

"வடையைத் தின்னுங்க."

சாயங்காலம் தேவகுமாரி கை முழுக்க மிளகாய் எரிச்சலோடு வந்தாள். நானே தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

"ரொம்பக் கத்துனாங்களோ?"

"இன்னும் காதுல கேக்குதுங்க."

"பொண்ணு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"செவந்து போச்சு."

பிறகு நான் நிற்கவில்லை. நாற்காலிகளைத் தூக்கிவிட்டுச் சாக்கு விரிக்கச் சொன்னேன். பீங்கான் கப்பை எடுத்துவிட்டு, எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த விளிம்பு உடைந்த தகரக் கோப்பைகளைக் கொடுத்து அனுப்பினேன். ஹீட்டருக்குப் பதில் அடுப்புப் புகை. ஒவ்வொன்றுக்கும் அவள் "நீங்க சொன்னா சரிங்க" என்றாள். காலையில் வெள்ளனே போனாள். ராத்திரிச் சோறு ஆறிய பிறகுதான் வந்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்? கடைதான் ஈயோட்டுதே?"

"கெடுக்குற சோலின்னா சும்மாவா?"

நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாவது வாரம் என் கடைக்கு வந்தது வேலுமணி ஒருவன்தான். அவனும் டீ குடிக்க வரவில்லை.

"அண்ணே, ஒரு தடவை மேல வந்து பாருங்க."

"மூடிட்டாங்களா?"

"வெரசா வாங்கண்ணே. என் வாயால சொல்ல முடியல."

சத்தியத்தை மீறுவதற்கு மனதுக்குள் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எதிரியின் சாவுக்குப் போகிறவனைப் போல வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு மேல் ரோட்டுக்கு ஏறினேன்.

முதலில் கார்கள் தெரிந்தன. வளைவு வரைக்கும் கார்கள். பிறகு வரிசை தெரிந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்களும் பெண்களும் பிரசாதத்துக்கு நிற்பதுபோல உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தேன். பழைய பலகையைக் காணோம். புதுப் பலகையில் பெரிய எழுத்தில் "லயம்" என்று இருந்தது. கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில்: உள்ளங்கைச் சீனித் தேநீர், எண்பத்தைந்து ரூபாய். சாக்கில் அமர்ந்தால் தொண்ணூற்றைந்து.

வரிசையின் முன்னால், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு பெண்மணி ஒவ்வொரு கையிலும் சீனியை அளந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரே நக்குல தீர்த்துறாதீங்க தம்பி. ஒரு நக்கு, ஒரு மடக்கு. ஆங், அப்படி."

தேவகுமாரி!

"அங்கிள், வரிசையில வாங்க" என்று பின்னாலிருந்து ஒரு பெண் என் முதுகைத் தட்டினாள்.

"நான் அவங்க வீட்டுக்காரர்ம்மா."

"நாங்களும் ஒரு மணி நேரமா நிக்கிறோம் அங்கிள்."

அதற்குள் ஷர்மிளா என்னைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் பாலகுமார் சாரா? இது எல்லாமே உங்க ஐடியான்னு அக்கா சொன்னாங்க. காரச் சம்பல், சாக்கு, கோப்பை, புகை! நான் மூடிட்டுப் போற நிலைமையில இருந்தேன் சார். காப்பாத்திட்டீங்க."

வேலுமணி என்னைத் தாங்கிப் பிடித்தான். நான் விழவில்லை. அவனாகவே பிடித்துக்கொண்டான்.

தேவகுமாரி சீனி டப்பாவை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"கண்ணீர் விட்டாங்கன்னு சொன்னியே!"

"சந்தோஷத்துலங்க. அந்தம்மா சின்ன வயசுல இலங்கையில, நுவரெலியாவுல இருந்தவங்களாம்."

"என்கிட்டே மறைச்சிட்டியே தேவி!"

"அந்தப் பொண்ணு முதல் நாளே என் பேரைக் கேட்டுச்சுங்க. அப்புறம் நான் செஞ்சதைத் தின்னு பார்த்துட்டு, எப்படிச் செஞ்சேன்னு கேட்டுச்சு. நம்ம கடையில பதினெட்டு வருஷமா யாரும் கேக்கல." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.

"சரி. நடந்தது நடந்துருச்சு. நாளையிலருந்து நம்ம கடைக்கு வந்துரு."

அவளும் ஷர்மிளாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், உங்க கடை இருக்கற இடத்துலதான் எங்க ரெண்டாவது கவுண்டர் வருது" என்றாள் ஷர்மிளா. "அக்கா கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"யார் கடைக்கு யார் கையெழுத்து?"

"பட்டா என் பேருலதானுங்க கெடக்கு" என்றாள் தேவகுமாரி. "பொம்பளை பேருக்குத்தான் குடுப்போம்னு தாலுகாபீஸ்ல சொன்னப்ப, எவ பேருல இருந்தா என்ன, டீ ஆத்தப் போறது நான்தானேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

"அப்ப நான் என்ன செய்யுறது?"

"புதுக் கவுண்டருக்கு டீ மாஸ்டர் வேணும் சார்" என்றாள் ஷர்மிளா. "ஆள் எடுக்கறது அக்கா பொறுப்பு. நான் தலையிடமாட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. நேரே சமையலறைக்குப் போனேன். அந்த வேலைக்கு வந்த மூன்று பேர் எனக்கு முன்னால் டீ ஆற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பேத்துப்பாறையிலிருந்து வந்த ஒரு கிழவர் கூட இருந்தார். என் முறை வந்ததும் தலைக்கு மேல் தூக்கி, முழங்காலுக்குக் கீழே இறக்கி, ஒரு துளி சிந்தாமல் ஒரு முழ நுரையோடு ஆற்றினேன். வாழ்நாளில் அப்படி ஆற்றியதில்லை. வேலுமணி கையே தட்டிவிட்டான்.

தேவகுமாரி ஒரு மடக்குக் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். ஒரு நோட்டில் ஏதோ எழுதினாள்.

"எப்படி இருக்கு தேவி?"

"சரிங்க, நீங்க போயிட்டு வாங்க. பார்த்துட்டுச் சொல்லி அனுப்புறோம்."

மூன்று நாளாகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.