கால் வளர்த்த சித்தர்

ஸ்ரீரங்கத்தில் அந்தக் கல்யாண மண்டபம் ஆடி மாதத்தில் நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை, பந்தியும் இல்லை. மேடையில் ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, ஒரு சின்ன மேசை, அவ்வளவுதான். ஆனால் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள் அம்மா மண்டபம் ரோடு வரைக்கும் கிடந்தன. செருப்புகளின் சொந்தக்காரர்கள் உள்ளே, இத்தனை வருஷமாகத் தங்கள் இடது கால் குட்டையாக இருந்தது தெரியாமலே நடந்துவிட்டோமே என்ற அதிர்ச்சியில் உட்கார்ந்திருந்தார்கள்.

கண்டுபிடித்துச் சொன்னவர் சமபாத சித்தர். முதுகுவலி, கழுத்துவலி, பல்வலி, பரீட்சையில் பெயிலான வலி, எதுவானாலும் காரணம் ஒன்றுதான்: குட்டைக் கால். அவர் பிடித்து இழுத்தால் வளர்ந்துவிடும். நெற்றியில் விபூதி, கழுத்தில் துளசி மாலை, மேசையில் மெழுகுவத்தி, ஓரத்தில் சாம்பிராணி. எந்த மதத்தையும் அவர் ஒதுக்கவில்லை. எல்லா மதத்துக்காரர்களுக்கும் கால் இருக்கிறதே!

ஆனந்தவள்ளிக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் தெரிந்தது. அவள் பிசியோதெரபி கல்லூரியில் வலி மேலாண்மை பாடம் நடத்துகிறவள். தறியில் குனிந்தே முதுகு போன உறையூர் நெசவாளர்களுக்கு எந்தப் பயிற்சி உதவும் என்று ஆராய்ச்சி வேறு. அந்த வாரம் உறையூர் போனால், விரித்த பாய்கள் இருந்தன, முதுகுகளைக் காணோம்.

தறி நெய்யும் ஜோதி மட்டும் வந்தாள், சொல்லிவிட்டுப் போவதற்காக.

"மேடம், இனிமே எக்சர்சைஸ் வேணாங்க. சித்தர் என் காலை வளத்துட்டாரு."

ஆனந்தவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. ஜோதியின் நடையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வலது பாதம் மேலே எழாமல் தரையில் தட்டித் தட்டி இழுத்தது.

"ஜோதி, போன வாரம் இப்படி இல்லையே! முதுகுல நரம்பு அழுந்துது. இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

"சித்தர் குடுத்த தைலம் தீர்ற வரைக்கும் டாக்டர்கிட்ட போகக் கூடாதாம். போனா கால் சுருங்கிடுமாம்."

"தைலம் எப்பத் தீரும்?"

"தீரத் தீர அவர்கிட்டயே வாங்கிக்கணுங்க."

எவ்வளவு சொல்லியும் ஜோதி கேட்கவில்லை. ஆனந்தவள்ளி துறைத் தலைவர் அமிர்தராஜிடம் ஓடினாள். வலியைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். அவர் சொன்னால் ஜோதி கேட்பாள். அவரோ தன் இரண்டு குதிகாலையும் ஒட்டி வைத்து ரசித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வளந்துடுச்சும்மா! முதுகுவலி பறந்துபோச்சு. நம்ம கருத்தரங்குக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர்."

ஆனந்தவள்ளி அவருடைய இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தாள். கொஞ்சம் ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

"ஐயோ, குட்டையாயிடுச்சே!"

மறுபக்கம் தள்ளினாள்.

"ஐயையோ, ஓவரா வளந்துடுச்சே!"

"இடுப்பு சரியுது சார். கால் அப்படியேதான் இருக்கு."

"அப்ப என் வலி குறைஞ்சது பொய்யா?"

"நிஜம் சார். நம்பிக்கை, கூட்டம், ஒருத்தர் அக்கறையாத் தொடறது, இதுக்கெல்லாம் மூளை கொஞ்ச நேரம் வலியைத் தணிக்கும். இந்தப் பாடத்தை எனக்கு நடத்தினதே நீங்கதான்."

அமிர்தராஜ் ஒரு கணம் தடுமாறினார். படித்தவர் அல்லவா, சீக்கிரம் சமாளித்துக்கொண்டார்.

"நீ பண்றது வித்தை. அவர்கிட்ட சக்தி இருக்கு. காலைப் பட்டுத்துணியால மூடிட்டு, துணிக்கு மேலேயே நாடி பாக்கறாரு!"

"துணிக்கு மேலேயேவா சார்?" என்று கேட்டாள் ஆனந்தவள்ளி. அவள் மனதில் மருதை வந்து நின்றார்.

மருதை துவாக்குடி பட்டறை ஒன்றில் வெல்டர். விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய், செயற்கைக் கால் போட்டிருந்தார். ஆனால் போன கால் இன்னும் வலித்தது. கால் போய்விட்டதை மூளை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வலிக்குத்தான் ஆனந்தவள்ளியிடம் வந்துகொண்டிருந்தார்.

"சித்தர்கிட்ட உங்க காலைக் காட்டலாமா அண்ணே?"

"எந்தக் காலைங்க?"

"இல்லாத காலை."

மருதை சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மருதை பேன்ட், சாக்ஸ் சகிதம் மேடையேறினார். முன்வரிசையில் ஆனந்தவள்ளி. அவளுக்கு ஒரு பக்கம் அமிர்தராஜ், மறுபக்கம் ஜோதி. சித்தர் மருதையின் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்து மஞ்சள் பட்டால் மூடினார்.

"எங்கேப்பா வலி?"

"இடது கால் கட்டைவிரல்ல சாமி." அதில் துளிகூடப் பொய் இல்லை.

சித்தர் பட்டின் மேல் விரல் வைத்துக் கண்ணை மூடினார். "ஆஹா, நாடி துடிக்குது! ரத்தம் கட்டியிருக்கு."

"ரத்தமா சாமி?"

"கொதிக்குது!"

ஆனந்தவள்ளி முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"வளர்... வளர்... வளர்!" சித்தர் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். மருதை செயற்கைக் காலின் வாரை முன்பே தளர்த்தி வைத்திருந்தார்.

கால் வந்துவிட்டது. முக்காலி சாய்ந்தது. சாக்ஸ் போட்ட காலைக் கட்டிப்பிடித்தபடி சித்தர் மல்லாந்து கிடந்தார்.

"ஐயோ, சாமி காலைப் பிடுங்கிட்டாரு!" என்று ஒரு அம்மா அலறினார். மைக் பிடித்திருந்த சீடர் பழக்கதோஷத்தில், "கால் வளர்ந்தது, கைதட்டுங்க!" என்றார். சிலர் தட்டவும் செய்தார்கள்.

சித்தருக்கு மூச்சு திரும்பியது. பேச்சும் வந்தது. ஆனால் அது சித்தர் பேச்சாக இல்லை.

"சாரி சார், வேற சைஸ் காட்டட்டுங்களா?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அட, இவரு சிங்காரத்தோப்புல செருப்புக் கடையில நின்னவரு! எனக்கு ஷூ மாட்டிவிட்டிருக்காரு!"

ஆனந்தவள்ளி மேடையேறி மைக்கை வாங்கி, சித்தர் கையிலிருந்த காலைக் காட்டினாள். "ரப்பரும் கம்பியுங்க. இதுலதான் இவருக்கு நாடி துடிச்சுது, ரத்தம் கொதிச்சுது. உங்க வலி நிஜம், அதை நான் மறுக்கல. கால் வளந்ததுதான் பொய். யார் வேணும்னாலும் வாங்க, ஒரே நிமிஷத்துல குட்டையாக்கி, வளத்தும் காட்டறேன்."

முதல் ஆளாக அமிர்தராஜே போய் உட்கார்ந்து காலை நீட்டினார். முகம் மட்டும் தொங்கிக் கிடந்தது. கால் குட்டையானது, வளர்ந்தது, குட்டையானது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது.

அந்தச் சிரிப்பில் சித்தர் பந்திக்கூடம் வழியாக நழுவினார்.

"யோவ், என் காலை வச்சுட்டுப் போய்யா!" என்று மருதை கத்தினார்.

சித்தர் திரும்பி வந்தார். பழைய மரியாதையோடு குனிந்து, காலை மருதையின் முன்னால் நேராக வைத்துவிட்டு, மறுபடி ஓடினார்.

ஜோதி தைலப் பாட்டிலை நாற்காலியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். "மேடம், ஆட்டோ கூப்பிடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

இருவரும் கிளம்பும்போது ஒரு பெரியவர் கவலையோடு வழிமறித்தார். "இவரு போலின்னு தெரிஞ்சுபோச்சு, சரி. இனிமே நாங்க எந்தச் சாமிகிட்டங்க போறது?"

மேடையில் வாரை இறுக்கிக்கொண்டிருந்த மருதைக்கு அது கேட்டுவிட்டது.

"ஐயா, கால் போனா செஞ்சு குடுக்கக் கம்பெனி இருக்கு, எனக்குக் குடுத்திருக்கான். மூளைக்கு அப்படி ஒரு கம்பெனி இன்னும் வரல. இருக்கறதையாவது செருப்போட சேத்து வாசல்ல கழட்டி வைக்காம வாங்க!"