உஷ் டாக்டரின் ரப்பர் வளையம்

உலகத்தில் பியானோ வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது என்பது என் நண்பர் ஒருவரின் தீர்ப்பு. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று எல்லா தேசத்தையும் விசாரித்துவிட்டுத்தான் சொன்னார். பியானோவை அவர் நேரில் பார்த்ததில்லை. திண்டிவனத்தில் ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர் அவர்.

தெருவில் அவருக்கு உஷ் டாக்டர் என்று பெயர். இசைத்தட்டு ஓடும்போது யார் வாயைத் திறந்தாலும் துப்பாக்கி நீட்டுவதுபோல விரலை நீட்டி, ‘உஷ்!’ என்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொல்லியிருக்கிறார். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரிடம், ஜெபத்தின் நடுவில் சொல்லியிருக்கிறார். ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளர் கும்பிட்ட கையோடு அரைமணி நேரம் நின்றிருக்கிறார். சமையலறைக் குக்கர் மட்டும் பதிலுக்கு உஷ் என்றது.

பணியில் இருந்தபோது பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு அம்மாளின் நாய்களுக்கு அவர் வைத்தியம் பார்த்திருக்கிறார். அந்த அம்மாள் ஊர் திரும்பும்போது ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் கொடுத்துவிட்டுப் போனாள். பெட்டியில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பியானோவும் நான்கு தந்தி வாத்தியங்களும் சேர்ந்து வாசிக்கிற குவின்டெட். உறையில் அதை வாசித்த ஐந்து கிழவர்கள் ஒரு மரத்தடியில் நிற்பார்கள். அதிலும் மெதுவாக நகர்கிற இரண்டாம் பகுதிதான் அவருக்கு வேதம்.

அந்தப் பகுதிக்கு அவர் ஒரு வியாக்கியானம் வைத்திருந்தார்.

“ப்ரொபசரே, இது மாடு கன்னு போடற சமாச்சாரம். செல்லோ கீதே, அதான் மாடு. மூச்சு வாங்குது பாரு. வயலின் ரெண்டும் ஊட்டுப் பொம்பளைங்க, பதறிக்கினு நிக்கிறாங்க. வியோலா, வெந்நீ எடுத்தாந்தவ. அவளை யாரும் கண்டுக்க மாட்டாங்க. பியானோதான் டாக்டரு. டாக்டரு இன்னா பண்ணணும்?”

“என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ணக் கூடாது! காத்துக்கினு இருக்கணும். ஜல்தி பண்ணான்னா கன்னு போச்சு.”

இங்கே என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரத்தில் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மேல்நாட்டு இசையைப் பற்றிப் புத்தகங்கள் வரவழைத்துப் படித்தவன். காதலும் ஏக்கமுமாக ஒரு ஜெர்மானியர் எழுதிவைத்ததை மாட்டுக் கொட்டகைக்குள் ஓட்டிக்கொண்டு போனால் எனக்குக் கோபம் வருமா, வராதா? ஆனாலும் ஞாயிறுதோறும் பாசஞ்சர் ரயிலில் நின்றுகொண்டே திண்டிவனம் போனேன். வேறு யாரிடம் போய்ப் பேசுவது? அந்தக் குவின்டெட்டின் பெயரைச் சொன்னால் விழுப்புரத்தில் புதுச் சிற்றுண்டிக் கடையா என்று கேட்பார்கள்.

போகும்போது செல்போனில் வேறு குழுவினர் வாசித்ததை எடுத்துக்கொண்டு போவேன். அதே இரண்டாம் பகுதியை எத்தனை பேர் எத்தனை விதமாக வாசித்திருக்கிறார்கள் என்று காட்டத்தான். அவர் ஸ்டெதாஸ்கோப்பை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்பார். உடனே தீர்ப்பு வந்துவிடும்.

“இவன் பாண்டி பஸ்ஸை உட்டுட்டான். ஓடறான்.”

“இவனுக்கு ஊட்டுல கொழந்த அழுவுது.”

நான் உயிராக மதிக்கும் ஒரு பியானோக் கலைஞர் இருக்கிறார். அந்த அம்மையாரின் வாசிப்பைப் போட்டபோது டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார்.

“இந்தம்மா கையில நம்ம ஊரு மாட்டைக் குடுக்காதே, ப்ரொபசரே. தாயும் மிஞ்சாது, கன்னும் மிஞ்சாது.”

“டாக்டர், உலகமே கொண்டாடுகிற வாசிப்பு இது!”

“உலகத்துக்கு இன்னா அவசரமோ! என் அஞ்சு கெழவங்களைப் பாரு, எப்படிக் காத்துக்கினு இருக்கானுங்க. நீ இங்கிலீஷ் படிச்சே, சரி. காது யாரு குடுப்பா?”

காது யார் கொடுப்பார்கள்! ரயில் முழுக்க அதையே மென்றுகொண்டு வந்தேன். விழுப்புரம் வந்தும் பசி எடுக்கவில்லை.

பழிவாங்கும் வாய்ப்பு தானாக வந்தது. போன மார்கழியில் டாக்டரின் அதே இசைத்தட்டு என் போனில் கிடைத்தது; அதே ஐந்து கிழவர்கள், அதே மரத்தடியில் நின்றார்கள். கச்சேரியில் பதிவு செய்த வாசிப்பு அது. இசைத்தட்டில் நடுவே யாரோ ஒருவர் இருமுவார். போனிலும் அதே இருமல் இருந்தது. ஆனால் டாக்டர் வீட்டுத் தட்டில் இருமுகிற நேரத்துக்கு வெகுமுன்பே அந்த ஆள் போனில் இருமிவிட்டார்! கிழவர்களும் எல்லாரையும் போலத்தான் வாசித்திருந்தார்கள். சொல்லப்போனால் கொஞ்சம் வேகமாகவே.

அடுத்த ஞாயிறு ரெக்கார்டு பிளேயரின் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே தட்டைச் சுழற்றும் பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மங்கிப்போன ரப்பர் வளையம் ஒன்று இருந்தது.

“என்ன டாக்டர் இது?”

“பெல்ட்டு எப்பவோ அறுந்துபோச்சு. கிளவுஸோட மணிக்கட்டை வெட்டிப் போட்டேன். நல்லாத்தானே ஓடுது?”

நல்லாத்தான் ஓடியது. தளர்ந்துபோய், வழுக்கிக்கொண்டு, நிறைமாதக்காரி நடப்பதுபோல ஓடியது. இத்தனை காலம் ஐரோப்பாவையே நிறுத்திவைத்துத் திட்டியது இந்தக் கிளவுஸ்தான்.

நான் அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. விழுப்புரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழுது பார்க்கும் பாயிடம் நல்ல பெல்ட் வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிறு போனேன். டாக்டரின் மனைவி மேரி டீச்சரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். சாட்சி வேண்டுமே! பழைய வளையத்தைப் பிய்த்தேன். அது என் கையிலேயே அறுந்தது. புதியதை மாட்டினேன். தட்டைச் சுழலவிட்டேன்.

ஐந்து கிழவர்களும் பாண்டி பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

“கேளுங்கள் டாக்டர்! உங்கள் கிழவர்களின் லட்சணம் இதுதான். காத்திருந்தது அவர்கள் இல்லை, உங்கள் ரப்பர்!”

இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே உரக்கச் சொன்னேன். அவர் விரலை நீட்டவில்லை. உஷ் என்று சொல்லவில்லை. முடிகிறவரை கேட்டுவிட்டு, மூடியை மெதுவாகச் சாத்தி, “நீ சொன்னது சரிதான், ப்ரொபசரே,” என்றார். அவர் என்னைச் சரி என்று சொன்னது அதுவே முதல் தடவை. ஏதோ திருடிக்கொண்டு போகிறவன்போல ரயிலேறினேன்.

இரண்டு ஞாயிறு நான் போகவில்லை. மேரி டீச்சர் போன் செய்தார்.

“இன்னா சார் பண்ணி வெச்சீங்க? அவரு அந்தப் பொட்டிய தொடவே இல்ல. காலையில பக்கத்தூட்டுல மிக்ஸி ஓட்டுனாங்க. ஒண்ணும் சொல்லல சார்! சும்மா பாத்துக்கினு இருந்தாரு.”

“அம்மா, நான் உண்மையைத்தானே...”

“உண்மைய வெச்சிக்கினு இன்னா சார் பண்றது? வேலையில இருந்தப்ப வல்லம் பக்கம் ஒரு மாடு. மழையில ஜல்தி ஜல்தின்னு கைய விட்டு இழுத்துட்டாரு. ரெண்டும் போச்சு. அந்த வாரந்தான் அறுந்த பெல்ட்டுக்குப் பதிலா ரப்பரப் போட்டுக்கினு இந்தத் தட்டக் கேட்டாரு. ராவெல்லாம் அழுதாரு. அதுக்கப்பறம் எந்த மாட்டுக்கிட்டயும் அவரு அவசரப்பட்டதில்ல, தெரியுமா?”

எனக்குத் தெரியாது. நான் படித்த புத்தகங்களில் அது இல்லை.

மறுநாளே விழுப்புரம் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் கண்டமங்கலத்துக்காரர் ஒருவர் ஆட்டோடு நின்றார். என் முறை வந்ததும் இளம் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

“மாடு எங்க சார்?”

“மாடு இல்லம்மா. ரப்பர் கிளவுஸ் வேண்டும்.”

“எதுக்கு?”

“ஒரு பியானோக்காரர் கொஞ்சம் வேகமாகப் போகிறார். நிறுத்த வேண்டும்.”

ஆட்டுக்காரர் ஆட்டை என்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, சின்னதும் பெரியதுமாகச் சில கிளவுஸ்களைக் கையில் திணித்து அனுப்பிவைத்தார்.

திண்டிவனத்தில் டாக்டர் என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் மணிக்கட்டுகளை வெட்டினேன். முதல் வளையம் இறுக்கம்.

“பஸ்ஸு,” என்றார், சுவரைப் பார்த்தபடி.

அடுத்தது ஒரேயடியாகத் தளர்ந்துபோனது.

“இது செத்துப்போச்சு. எடு.” இப்போது நாற்காலியிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார். “கத்திரியக் குடு. வெட்டுறான் பாரு, தையக்காரனாட்டம்!”

அவர் வெட்டியதை மாட்டினோம். செல்லோ பெருமூச்சு விட்டது. வயலின்கள் பதறின. வெந்நீர் வந்தது. பியானோக்காரர் ஒன்றும் பண்ணாமல் நின்றார்.

“கெழவங்களும் அவசரக்காரனுங்கதான், ஒத்துக்கிறேன்,” என்றார் மெல்ல. “ஆனா பாரு, ரப்பரு போட்டா திருந்திடறானுங்க.”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “டாக்டர், என்னை மன்...”

விரல் நேராக என் மூக்குக்கு வந்தது.

“உஷ்!”

மீதி மன்னிப்பு இன்னும் என் வாயிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஞாயிறுதோறும் ரயிலேறுகிறேன். அவர் விடுவதில்லை, விடாமலே இருக்கட்டும்.